வலதுபக்கம் திறக்க வேண்டாம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ குத்தலாக ஏதாவது எழுதுவாய், விஷயம் தள்ளிப்போகும். போனில் பேசினாலோ மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் கட் பண்ணிவிடுகிறோம். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நீ கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த எடிட்டரில் நம் மாற்றுப் பாகப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு இன்னொரு ஃபைலைத் திறந்தால், திரை இரண்டாகப் பிரிகிறது. இரண்டாவது விண்டோ வலதுபக்கம் வந்து நிற்கிறது. அது கீழே வர வேண்டும். எப்போது திறந்தாலும், எதைத் திறந்தாலும், கீழே. அதற்கு எங்கே போய் என்ன அடிக்க வேண்டும் என்று எழுது. ஏன் என்று கேட்காதே. பேரிங் வாங்க வருகிறவரிடம் எதற்கு என்றா கேட்கிறேன்?

பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "இதெல்லாம் இப்ப யாரும்மா யூஸ் பண்றாங்க? வெறும் எழுத்தா இருக்கு. கட்டம் கட்டமா அழகா ஒண்ணு போட்டுத் தரேன்" என்றார். போட்டார். ஆறு, ஒரு கோடு, இரண்டு என்று ஒரு பாகத்தின் எண்ணை அடித்தேன். அதுவாகவே ஜூன் இரண்டாம் தேதி என்று மாற்றிக்கொண்டது. "என் ஆயில் சீலுக்குப் பொறந்தநாள் கொண்டாடவா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

அவசரம் என்னவென்றால், மார்ச் 10 அன்று ஐஸ் ஃபேக்டரி மேனேஜர் நம் கடைக்கு வருகிறார். பழைய மெஷின்களின் பாக எண்கள் நூற்றிருபது கொண்டுவருவார். அவர் கண்ணெதிரே உட்கார்ந்து, இன்று கிடைக்கிற எந்தப் பாகம் எதற்கு மாற்று என்று இரண்டு மணி நேரத்தில் நான் சொல்ல வேண்டும். எதிர்க் கடையிலும் இதே பரீட்சை. ஜெயிக்கிறவருக்கு வருஷ ஆர்டர். அது எதிர்க் கடைக்குப் போனால் நம் கடையும் அங்கேயே போகும். என்னைக் கட்டிய மகராசன், உன் மாமா, ஏற்கெனவே அவர்களிடம் பேசிவிட்டார். கடை, சரக்கு, பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் பத்திரம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. தோற்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தோற்பதாக உத்தேசம் இல்லை.

பதிலை எழுத்தில் அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 7

அக்காவுக்கு,

நாலரை மாதம் கழித்து வந்த முதல் கடிதம். அதில் எனக்கு ஒரு வேலை. சந்தோஷம்.

உன் பட்டியலில் கை வைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு இருப்பது ஞாபகம் இருக்கிறதா? செப்டம்பர் கடைசியில், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது போட்ட உத்தரவு. ஐஸ் ஃபேக்டரி மோட்டாரில் தப்பான பேரிங் போய் மாட்டி, மோட்டார் இறுகி நின்றது. பட்டியலைப் பார்த்தால் நாற்பத்தோரு வரி தப்பு. "வேலை தெரியாதவன் கையில கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாய். மாமா கேட்டுக்கொண்டு நின்றார். டீ கொண்டுவந்த ஆள்கூடக் கேட்டார். பட்டியலை எழுதியது நீ. உன் பதினாறு நோட்டுப் புத்தகங்களையும் உட்கார்ந்து ஏற்றியது யார்? அன்று மதியமே பஸ் ஏறினேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நான் போட்டுக் கொடுத்தபோது இரண்டாவது விண்டோ கீழேதான் திறந்தது. எடிட்டர் தானாக மனம் மாறாது. அதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு வரியில் நூற்றறுபது எழுத்து நிற்கும் அளவு அகலம் இருந்தால் பக்கத்தில் பிரிக்கும், இல்லாவிட்டால் கீழே. உன் பழைய மானிட்டரில் நூற்றுப் பத்து எழுத்துத்தான் நிற்கும். செப்டம்பரில் வந்தபோது பெரிய மானிட்டர் இருந்தது. எதற்கு மாற்றினாய்?

அப்புறம், பேரிங் வாங்க வருகிறவரிடம் எதற்கு என்று நீ கேட்பாய். எந்த மெஷின், எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று கேட்காமல் நீ ஒரு பேரிங்காவது விற்று நான் பார்த்ததில்லை. அதனால் நானும் கேட்கிறேன். வலதுபக்கம் திறந்தால் உனக்கு என்ன? ஊரில் பாதிப் பேர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

மானிட்டரை மாற்றினேன். ஆகஸ்டில் பெரியதாக ஒன்று வாங்கினேன். எழுத்துச் சரியாகத் தெரியவில்லை, பெரிய திரை வந்தால் தெரியும் என்று நினைத்தேன். இத்தனை அகலம் கொடுத்தால் எடிட்டர் இப்படிப் பழிவாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஊரில் பாதிப் பேர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு வேண்டாம். நூற்றறுபது என்ற அந்த எண்ணை எங்கே மாற்றுவது, சொல். நீ அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து செய்துவிடுகிறேன் என்று ஆரம்பிக்காதே. என் கையால் அடிப்பேன். நாளைக்கு அது கோளாறு செய்தால் நான்தான் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன், நீ இல்லை.

செப்டம்பரைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

நேற்று எதிர்க் கடைக்காரர் வந்தார். "பட்டியலை மட்டுமாச்சும் இப்பவே குடுத்துடுங்கக்கா, எதுக்கு வீணா டென்ஷன்?" என்றார். என் நாற்காலி எவ்வளவு தூரம் பின்னால் சாயும் என்று பார்க்கிற மாதிரி அதன் முதுகைப் பிடித்து ஆட்டினார். "அது ஆடாது, நட்டு நானே முடுக்கினது" என்றேன்.

இருபத்தேழு நாள் இருக்கிறது. சீக்கிரம் எழுது.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

தனித்தாளில் பெரிய எழுத்தில் அடித்து வைத்திருக்கிறேன். செட்டிங் ஃபைலைத் திறந்து, கடைசியில் அந்த ஒரு வரியை அப்படியே அடி. நூற்றறுபதை இருநூற்றைம்பதாக்கியிருக்கிறேன். உன் திரையில் அவ்வளவு நிற்காது. எனவே கீழேதான் பிரியும். வரியின் முதலில் ஓர் அடைப்புக்குறி, முடிவில் ஓர் அடைப்புக்குறி. இரண்டும் வேண்டும்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

அன்று பஸ் ஏறும் முன் உன் பட்டியல் ஃபோல்டரை என் லேப்டாப்பில் எடுத்துக்கொண்டேன். கோபத்தில் திறக்கவே இல்லை. நேற்றுத் திறந்தேன். நீ ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எடிட்டர் பழைய பிரதி ஒன்றைத் தேதியோடு வைத்துக்கொள்கிறது. அப்படி நான்தான் வைத்திருந்தேன். முதல் தப்பு வரி செப்டம்பர் 6. அந்தத் தடவை நான் கடைக்கு வந்தது செப்டம்பர் 20. அதற்குள் முப்பத்து மூன்று வரி தப்பாகியிருக்கிறது.

தப்பையும் பார்த்தேன். ஏதோ கை தவறி அடித்தது இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்: பேர், எண்ணிக்கை, எந்த லாரி. ஆர்டர் ஃபைலில் இருக்க வேண்டியவை பட்டியலின் வரிகள்மேல் உட்கார்ந்திருக்கின்றன. நீ பட்டியலை இரண்டாவது விண்டோவில் திறக்கும்போது கர்சரும் அதற்குள் தாவிவிடும். நீ இடதுபக்கம் ஆர்டரில் அடிப்பதாக நினைத்து அடித்தாய். எழுத்தெல்லாம் வலதுபக்கம் பட்டியலில் விழுந்தது. பிறகு ஆர்டரில் காணோமே என்று மறுபடி அடித்திருக்கிறாய். அழிந்த எண்களை யாரோ அவசரத்தில் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தொன்றில் ஒன்றுதான் மோட்டாரில் போய் மாட்டியது.

இரண்டடி அகலத் திரையில், எழுத்து விழுவது ஒருவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? வலதுபக்கம் வேண்டாம் என்று ஏன் இத்தனை பிடிவாதம்?

அக்கா, கண்ணுக்கு என்ன?

மார்ச் 10-ஐ விட்டுவிடு. மேனேஜரிடம் நான் பேசுகிறேன். பட்டியலை நான் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன், நீ கேட்கும்போதெல்லாம் சொல்கிறேன். முதலில் டாக்டரிடம் போ.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

டாக்டரிடம் ஜூலையிலேயே போனேன்.

ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கினேன். பாதி ஷட்டர்தான் இருந்தது. மீதிப் பாதி கறுப்பாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை. வலதுகண் போய்விட்டது என்று அதை மூடிப் பார்த்தேன். இடதுகண்ணிலும் அதே பாதி இல்லை. "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்மா. பின்மூளையில சின்னதா ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. எதைப் பாத்தாலும் அதோட வலதுபக்கம் தெரியாது" என்றார் டாக்டர். திரும்ப வருமா என்று கேட்டேன். வரலாம், ஆனால் நம்பி உட்கார வேண்டாம் என்றார். நேர்மையான மனுஷர். மாத்திரை தவறாமல் போடுகிறேன். ஸ்கூட்டரை விற்றேன். கேட்டவர்களிடம் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று தெரியும். நீயே பார், தெரிந்த நிமிடத்தில் நீ என்ன எழுதியிருக்கிறாய்: மேனேஜரிடம் நான் பேசுகிறேன், பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன். எதிர்க் கடைக்காரராவது விலை சொல்லிக் கேட்டார். நீ சும்மாவே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

கோபித்துக்கொள்ளாதே. இதைச் சொல்லாமல் அடுத்ததை என்னால் எழுத முடியாது. அடுத்தது இது.

நாற்பத்தோரு வரியும் நான். திரும்ப எழுதியதும் நான். நீ வருவதற்கு முன்னால் பட்டியலில் ஏதோ கலைகிறது என்று எனக்குத் தெரியும். யார் கலைக்கிறார்கள் என்று யோசிக்கப் பயமாக இருந்தது. நீ வந்து ஒரு வாரம் என் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்தாய். மோட்டார் நின்றதும் உன்னைக் காட்டுவது சுலபமாக இருந்தது. நம் கடையில் தப்புச் சரக்கு போனால் நாமே வண்டி அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்வோம், வாடிக்கையாளரைக் கொண்டுவரச் சொல்ல மாட்டோம். அன்று சொன்னதை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாமா முன்னால் சொன்னேன், அதனால் மாமாவிடமும் இன்று சொல்லிவிடுவேன். டீக்காரரிடமும்.

இப்போது வேலை.

உன் வரியை அடித்தேன். எடிட்டர் திறக்கும்போதே தகராறு செய்தது. ஒரு மணி நேரம் உன்னைத் திட்டினேன். பிறகு தலையை நன்றாக வலதுபக்கம் திருப்பிப் பார்த்தால், உன் தாளில் கடைசி அடைப்புக்குறி இருந்தது, என் திரையில் இல்லை. அதைப் போட்டதும் கீழே திறந்தது. தம்பி, நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு ஃபைலையும் சேர்த்துப் பார்த்தேன்.

ஆனால் இது போதாது. எனக்கு வேண்டியவை: அந்த இருநூற்றைம்பது வேண்டாம். அது இன்னொரு எல்லை, அவ்வளவுதான். நாளைக்கு இன்னும் பெரிய திரை வந்தால் மறுபடி தாண்டும். பக்கவாட்டில் ஒருபோதும் பிரியாதே என்று எழுத வழி இருந்தால் அதை அனுப்பு. கீழே திறந்தாலும் கர்சர் தாவக் கூடாது, நான் போகச் சொன்னால்தான் போக வேண்டும். எந்த விண்டோவில் இருக்கிறேன் என்று அடையாளம் வேண்டும், இடது ஓரத்தில். வரிகள் திரையின் பாதியிலேயே மடங்கிவிட வேண்டும். வலது பாதி காலியாகக் கிடக்கட்டும்.

பெரிய திரை வாங்கிப் பாதியைக் காலியாக வைக்கிறேன். சிரித்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

சிரிக்கவில்லை.

நீ கேட்டது எல்லாம் முடியும். தனித்தாளில் ஐந்து வரி இருக்கிறது. இந்த முறை எந்த வரியும் இருபத்தைந்து எழுத்தைத் தாண்டாமல் உடைத்திருக்கிறேன், அடைப்புக்குறிகள் எல்லாம் இடது ஓரத்திலேயே வரும். பார்க்க அசிங்கமாக இருக்கும். என்னோடு வேலை செய்கிறவர்கள் பார்த்தால் என்னைச் சேர்க்க மாட்டார்கள். எடிட்டருக்குக் கவலை இல்லை.

முதல் வரி அகலக் கணக்கையே எடுத்துவிடும். எண் எதுவும் இல்லை, "இல்லை" என்ற சொல்தான். இரண்டாவது, கீழ் விண்டோவுக்குத் திரையில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது, பட்டியல் கீழே திறக்கும், கர்சர் மேலேயே நிற்கும். நான்காவது, நீ இருக்கும் விண்டோவின் அடிப்பட்டை மஞ்சள், மற்றது சாம்பல், ஃபைலின் பெயர் இடது ஓரத்தில். ஐந்தாவது, எழுபது எழுத்தில் வரி மடங்கும். ஒவ்வொன்றாக அடி. ஒன்று அடித்ததும் மூடித் திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போ. ஐந்தையும் மொத்தமாக அடித்துவிட்டு என்னைத் திட்டாதே.

நீ திரும்ப எடுத்துக்கொண்டது வந்து சேர்ந்தது. என் பங்குக்கும் ஒன்று உண்டு. அந்த ஃபோல்டர் அன்றைக்கே என்னிடம் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்திருந்தால் தேதி தெரிந்திருக்கும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பியிருப்பேன், உன் கண் விஷயம் செப்டம்பரிலேயே வெளியே வந்திருக்கும். பார்க்கவில்லை. என் மேல் தப்பில்லை என்று கோபமாக இருப்பது வசதியாக இருந்தது.

பட்டியலை நான் எடுத்துக்கொள்ளப் பார்க்கவில்லை. பயந்துவிட்டேன். பயந்தால் நான் உடனே வேலையைப் பிடுங்குவேன். அதை உன்னிடம்தான் கற்றேன்.

10-ம் தேதி லீவு போட்டிருக்கிறேன். வந்து பக்கத்தில் உட்காரட்டுமா? வாயைத் திறக்க மாட்டேன்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

வராதே. நீ பக்கத்தில் உட்கார்ந்தால், வாயைத் திறக்காவிட்டாலும், வேலையை நீ செய்தாய் என்றுதான் மேனேஜர் நினைப்பார். எனக்கு ஆர்டர் மட்டும் போதாது, நான் செய்தேன் என்பது அவருக்குத் தெரியவும் வேண்டும். அடுத்த வருஷமும் வரப்போவது என்னிடம்தானே.

ஐந்து வரியும் ஏறிவிட்டது. நான்காவதில் மட்டும் ஓர் எழுத்தை விட்டதில் மஞ்சள் வரவில்லை, திருத்திவிட்டேன். உன்னைத் திட்டவில்லை.

மாமாவிடம் சொன்னேன். கண்ணையும் சொன்னேன், நாற்பத்தோரு வரியையும் சொன்னேன். கரண்டியோடு அப்படியே நின்றார். "அதனாலதான் தட்டுல பாதி மிச்சம் வெக்கிறியா? ஆறு மாசமா என் சமையல் உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சு மசாலாவை மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்கேன்!" என்றார். நான் தட்டைப் பார்த்தேன். என் கணக்குக்குக் காலியாக இருந்தது. அவர் தட்டைப் பிடித்து அரைச்சுற்றுச் சுற்றினார். பாதிச் சோறு வந்து நின்றது. இருவரும் சிரித்தோம், பிறகு அவர் உள்ளே போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினார்.

இருந்தாலும் பத்திரத்தைக் கிழிக்க அவர் சம்மதிக்கவில்லை. "இப்ப இன்னும்தான் குடுத்துடணும். உன்னால முடியாதுன்னு சொல்லல. உனக்கு எதுக்குன்னு கேக்கறேன்" என்கிறார். மார்ச் 10 வரைக்கும் வாயை மூடிக்கொண்டு உதவி பண்ணுங்கள் என்றேன். பழைய பில்களிலிருந்து எண்களைப் பொறுக்கி எடுத்து அவர் படிக்கிறார், நான் மாற்றுத் தேடுகிறேன், சுவர்க் கடிகாரத்தில் நேரம். முதல் நாள் நூற்றிருபதுக்கு மூன்று மணி பத்து நிமிடம். இன்று இரண்டு மணி இருபத்தைந்து. இன்னும் குறைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் தேடலை முதலிலிருந்து அடிக்கிறேன், அங்கேதான் நேரம் போகிறது. கர்சர் நிற்கிற எண்ணையே எடுத்துக் கீழ் விண்டோவில் தேட ஒற்றை விசை உண்டா? உண்டென்றால் ஒரு வரி அனுப்பு. அது போதும்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

உண்டு. வரி உள்ளே இருக்கிறது. ஐந்தாம் எண் விசையில் வைத்திருக்கிறேன், எஃப் வரிசையில், உன் இடதுகைக்கு எட்டும்.

வரவில்லை. லீவையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

மேனேஜர் பத்து மணிக்கு வந்தார். உள்ளே வந்ததும் என் வலதுபக்க நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் வருகிறது, ஆள் இல்லை. "சார், இந்தப் பக்கம் வந்துடுங்க. அந்தப் பக்கம் எனக்குப் பார்வை கிடையாது" என்றேன். உன் மாமா இருமினார். மேனேஜர் எழுந்து வந்து இடதுபக்கம் உட்கார்ந்தார். "அப்ப எப்படிம்மா இத்தனை எண்ணையும் பாப்பீங்க?" என்றார். "பாருங்க" என்றேன்.

மேலே அவருடைய நூற்றிருபது, கீழே என் பட்டியல். ஐந்தாம் விசை. மஞ்சள் பட்டை மேலேயே நின்றது. எண்பதாவது எண் வரை நான் யாரிடமும் பேசவில்லை. தொண்ணூற்றாறில் தண்ணீர் குடித்தேன். ஒரு மணி ஐம்பத்து மூன்று நிமிடத்தில் முடித்தேன். நூற்றுப் பதின்மூன்றுக்கு மாற்று எழுதினேன். மூன்றுக்கு "பழசைக் கொண்டுவாருங்கள், அளக்காமல் சொல்ல மாட்டேன்" என்று எழுதினேன். நான்குக்கு "மாற்று இல்லை".

அவர் முகம் சுருங்கியது. "எதிர்க் கடையில நூத்திருபதுக்கும் எழுதிக் குடுத்துட்டாங்களேம்மா."

"அந்த நாலுக்கு என்ன எழுதியிருக்கார்னு மட்டும் படிங்க சார்."

படித்தார். மூன்றாவதைப் படித்ததும், அலமாரியிலிருந்து எதிர்க் கடைக்காரர் எழுதிய அதே பேரிங்கை எடுத்து மேஜையில் வைத்தேன். மேனேஜருடைய மெஷினின் பழைய பேரிங் ஒன்று என்னிடம் இருந்தது, அதையும் பக்கத்தில் வைத்தேன். உள் விட்டம் ஒன்று, வெளி விட்டம் ஒன்று, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். "இதை மாட்டலாம், சுத்தும். ஆனா ஒரு பக்கத் தள்ளுவிசை தாங்காது. நாலு மாசத்துல உடைஞ்சு ஷாஃப்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போகும். செப்டம்பர்ல உங்க மோட்டாரை நிறுத்தினது நான்தான். என் தப்புதான், வேற யாரும் இல்லை. அதனாலதான் தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுறேன்" என்றேன்.

இரண்டு பேரிங்கையும் கையில் எடுத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நேற்று மதியம் ஆர்டர் வந்தது. ஒரு வருஷத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு. ஆறு மாதம் போதும் எனக்கு.

உன் மாமா டிராயரைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். "நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். ஜூலையிலிருந்து நான் தனியாகத் தெருவைக் கடந்ததில்லை. அவர் வாசல் வரை வந்தார், அங்கேயே நிற்கச் சொன்னேன். எங்கள் பக்கம் வண்டிகள் வலதிலிருந்துதான் வரும். தாடை தோளில் இடிக்கும்வரை தலையைத் திருப்பினேன். ஒரு லாரி, ஒரு பஸ், இரண்டு பைக். நான் திருப்பியதால்தான் அவை இருந்தன. போகவிட்டேன். கடந்தேன்.

எதிர்க் கடைக்காரர் எழுந்து நின்றார். "போன் பண்ணியிருந்தா நானே ஆளை அனுப்பியிருப்பேனேக்கா" என்றார். கையெழுத்தில்லாத பத்திரத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும்போதாவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து இறங்கினாலும் முதலில் வண்டி வருவது என் வலதிலிருந்துதான். மறுபடி திருப்பினேன்.

அக்கா